தோட்டப் பிள்ளைக்கு விஞ்ஞானம் விலக்கோ?

மலைநாட்டு ரயில் தலவாக்கலையை விட்டு நானுஓயாவை நோக்கி ஏறும் வழியில் அடுத்து நிற்கும் நிலையம் வட்டகொடை. ஒருபுறம் பூண்டுலோயாவுக்கு இறங்கும் பள்ளத்தாக்கு. மறுபுறம் கிறேட் வெஸ்டேர்ன் மலைத்தொடர். இடைப்பட்ட நிலமெல்லாம் தேயிலை. அத்தேயிலையின் நடுவே வரிசை வரிசையாக லயங்கள். அந்த லயம் ஒன்றிற் பிறக்கும் பிள்ளை நாளை வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வருவதற்கு இந்நாட்டுச் சட்டத்தில் எந்தத் தடையும் கிடையாது. பாடசாலைக் கட்டணம் இல்லை, பாடநூல் இலவசம், சீருடைத் துணி இலவசம், பல்கலைக்கழகத்திலும் பணம் கேட்பாரில்லை. போதாததற்கு, நுவரெலியா கல்வியிற் பின்தங்கிய மாவட்டம் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு, பல்கலைக்கழக அனுமதியில் தனிச் சலுகையும் வழங்கியிருக்கிறது. இத்தனையும் இருந்தும் அந்தப் பிள்ளை மருத்துவ பீடத்தின் வாயிலை மிதிப்பது ஏன் இன்னும் பத்திரிகைச் செய்தியாகும் அளவுக்கு அபூர்வமாக இருக்கிறது?

பிள்ளைக்கு அறிவில்லை என்று சொல்வாரும் உளர். தாய்தந்தையருக்கு அக்கறையில்லை என்று சொல்வாரும் உளர். தோட்டத்துக்கு வெளியே இருந்துகொண்டு இவ்விதம் தீர்ப்புக் கூறுவது எளிது. நாம் கண்ட காரணம் வேறு. க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழிலே கற்பிக்கும் வகுப்பு, அப்பிள்ளை காலையிற் சென்று மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இல்லை. மற்றக் குறைகள் யாவும் இதன் கிளைகளே. இந்த ஒரு குறை எவ்வாறு உண்டாயிற்று, யார் யாருடைய கைப்பட்டு இவ்வளவு காலம் நிலைத்தது என்பதை எம் வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம்.

தோட்டப் பாடசாலை, பிள்ளையைத் தோட்டத்துக்கு வெளியே அனுப்புவதற்காகத் தோன்றியதன்று. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவு கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் மீது சுமத்தியது. பத்து வயதுக்குப் பின் என்ன என்று அச்சட்டம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அதற்கு இருக்கவில்லை. பத்து வயதுக்குப் பின் கொழுந்துக் கூடையும் முள்ளுக்கரண்டியும் காத்திருந்தன. ஒரே அறை, ஒரே உபாத்தியாயர், ஒரே கரும்பலகை, ஐந்து வகுப்பு. துரைக்குப் பிடித்தால் பாடசாலை நடக்கும். கொழுந்து மிகுந்த காலத்தில் பிள்ளைகளும் மலைக்குப் போவார்கள். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இதைச் சற்று இறுக்கிப் பிடித்தது. ஆனால் அடிப்படை மாறவில்லை.

1945ஆம் ஆண்டு வந்தது. கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியால் இலவசக் கல்வி நாட்டின் உரிமையாயிற்று. அதைவிடவும் அவர் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. அதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கட்டணத்தை நீக்கினால் மட்டும் கிராமத்துப் பிள்ளை படித்துவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே, பட்டினத்துப் பெரிய கல்லூரிகளுக்கு நிகராக ஆய்வுகூடமும் விடுதியும் கொண்ட மத்திய பாடசாலைகளை நாட்டுப்புறங்களிலே நிறுவினார். ஐந்தாம் வகுப்பிற் பரீட்சை வைத்துக் கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்து, உபகாரச் சம்பளம் கொடுத்து அங்கே அனுப்பினார். இன்று தேர்ந்த வைத்தியர்களாகவும் நிர்வாகிகளாகவும் விளங்கும் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை பேரின் குடும்ப வரலாறு அந்த விடுதிகளிலே தொடங்குகிறது! ஆனால் அத்திட்டம் கிராமத்தை நோக்கிச் சென்றது. தோட்டத்தை நோக்கி வரவில்லை. தோட்டம் வேறு, நாடு வேறு என்ற எண்ணம் அன்று ஆண்டவர்களின் உள்ளத்தில் ஊறியிருந்தது. 1947இன் திருத்தச் சட்டம் தோட்டச் சொந்தக்காரர் பாடசாலைக்குக் கட்டிடமும் நிலமும் ஒதுக்க வேண்டுமென்று விதித்தது உண்மைதான். அவ்விதியின் பெரும்பகுதி ஏட்டிலே தூங்கிற்று.

தூங்கியதை எழுப்ப ஆள் வேண்டுமே! இதே வட்டகொடைப் பகுதியின் மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்துக்கு வெளியே சென்று கற்க வழிகிடைத்த மிகச் சிலருள் ஒருவர். ஆசிரியராக, எழுத்தாளராக, தொழிற்சங்கத் தொண்டராக வாழ்ந்தவர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தலவாக்கலை மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் அன்று எழுவர் சென்றனர். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் அதற்குத் துணைச் சட்டம் வந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த எழுவரின் இடத்தில் ஒருவர்கூட இல்லை. வாக்கில்லாதவனுக்குப் பாடசாலை கட்டித்தர எந்த மந்திரிக்கு அவசரம் இருக்கும்?

இந்த நிலையின் விலை 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளில் தெளிவாகத் தெரிந்தது. நாடெங்கும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதன் நன்மை தீமை குறித்து அன்று எழுந்த வாதம் சிறிதன்று. ஆனால் தோட்டப் பாடசாலை அந்த வாதத்தில் இடம்பெறவேயில்லை. அது துரையின் கையிலேயே விடப்பட்டது. 1964இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, இங்கே தங்குவோமா, அங்கே போவோமா என்றறியாத குடும்பம் பிள்ளையின் படிப்பைப் பற்றி எந்த மனத்துடன் எண்ணியிருக்கும்? தோட்டங்கள் 1970களின் நடுவில் அரசுடைமையாயின. அதன் பின்னரே, 1977 முதல், தோட்டப் பாடசாலைகள் சிறிது சிறிதாகக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வந்தன. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு 1945இல் திறந்த கதவு தோட்டப் பிள்ளைக்கு ஒரு தலைமுறைக்குப் பின்னரே திறந்தது. இந்த முப்பதாண்டு இடைவெளியை மறந்துவிட்டு இருசாராரையும் ஒரே பரீட்சையில் இருத்தி, ஒருவனைத் திறமைசாலி என்றும் மற்றவனை மந்தன் என்றும் பட்டம் சூட்டுவது நீதியாகாது.

பொறுப்பேற்ற பின் வேலை நடக்கவில்லை என்று நாம் கூறமாட்டோம். 1980களில் சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டிடங்கள் எழுந்தன. ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலை இயங்குகிறது. எழுத்தறிவு பெருகியிருக்கிறது, சாதாரண தரம் வரை செல்லும் பிள்ளைகளின் தொகை பெருகியிருக்கிறது. லயத்தில் வளர்ந்த ஆசிரியர், கிராம சேவையாளர், சட்டத்தரணி, பேராசிரியர் இன்று உளர். தம் முயற்சியால் மேலெழுந்த அவர்களுக்கு நாம் தலைவணங்குகிறோம்.

ஆனால் எந்தப் பாடசாலை எந்த வகுப்பு வரை என்பதைப் பாருங்கள். இலங்கையிற் பாடசாலைகள் நான்கு வகை. உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாத் துறைகளும் உள்ளவை 1 ஏபி. உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மாத்திரம் உள்ளவை 1 சி. பதினோராந் தரத்தோடு முடிபவை இரண்டாம் வகை. ஐந்தாம் அல்லது எட்டாந் தரத்தோடு முடிபவை மூன்றாம் வகை. தோட்டத்துக்குள் நிற்பவற்றிற் பெரும்பான்மை கடைசி இரண்டு வகையைச் சேர்ந்தவை. உயர்தரம் உள்ளவற்றிலும் பல கலைத்துறையோடு நின்றுவிடுகின்றன. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் 1 ஏபி தகுதி பெற்றவை சொற்பம். அவையும் ஹட்டன், நுவரெலியா போன்ற பட்டினங்களை ஒட்டியே உள்ளன. தகுதிப் பெயர் இருந்தும் பௌதிக ஆசிரியர் இல்லாத பாடசாலை, இரசாயன ஆய்வுகூடத்திற் பூட்டுத் தொங்கும் பாடசாலை என்பவற்றை இக்கணக்கிற் சேர்க்காமலே சொல்கிறோம்.

இங்கேதான் மாவட்டச் சலுகையின் வேடிக்கை வெளிப்படுகிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 வீதம் மாவட்ட வாரியாகவும், 5 வீதம் நுவரெலியா உட்படப் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படுகிறது. இந்தப் பங்கீடு மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் முதலிய துறைகளுக்கே பெரும்பாலும் பயன்படும். கலைத்துறை மாணவனோ பொதுவாக அகில இலங்கைத் திறமை வரிசையிலேதான் நிறுத்தப்படுகிறான். ஆகவே நடப்பது என்ன? சலுகை இருக்கும் துறையில் தோட்டப் பிள்ளைக்கு வகுப்பு இல்லை. வகுப்பு இருக்கும் துறையிற் சலுகை இல்லை. பசித்தவனைக் கைகட்டி உட்காரவைத்து இலை நிறையப் பரிமாறுவது போன்றது இது.

அப்படியாயின் நுவரெலியாவுக்கு ஒதுக்கப்பட்ட மருத்துவ, பொறியியல் இடங்கள் வெறுமையாகவா கிடக்கின்றன? இல்லை. அவை நிரம்புகின்றன. மாவட்டத்தின் பட்டினப் பிள்ளைகள் சிலரும் கிராமப் பிள்ளைகள் சிலரும் முறையாகப் பெறுகின்றனர். அதில் எமக்கு வருத்தமில்லை. ஆனால் வெளிமாவட்டங்களில் நல்ல பாடசாலையிற் படித்து, நல்ல தனியார் வகுப்புக்குச் சென்று, வெட்டுப்புள்ளி குறைவு என்பதற்காக மலையகப் பாடசாலை ஒன்றிற் பெயரைப் பதிந்து பரீட்சை எழுதுவோர் குறித்த முறைப்பாடு பல ஆண்டுகளாக எழுந்துவருகிறது. அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உளர் என்பதை நாம் மறைக்கப்போவதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் கொழும்பிலும் உள்ள எம் வாசகர் சிலருக்கு இவ்வாக்கியம் கசக்கும். தரப்படுத்தல் 1970களில் நம் பிள்ளைகளின் வாயில் மண் போட்டது என்று அரை நூற்றாண்டாகப் பேசிவரும் நாம், நம்மிலும் எளியவனுக்கு ஒதுக்கிய இடத்தை நாமே எடுத்துக்கொள்வது என்ன நியாயம்? பதிவேட்டிற் கையொப்பமிடும் அதிபருக்கும், பணம் கட்டி அனுப்பும் பெற்றோருக்கும் இதிற் பங்குண்டு. மூன்றாண்டு உண்மையாகப் படித்த வரவுப் பதிவு இன்றி எவரையும் மாவட்டப் பரீட்சார்த்தியாகக் கொள்ளலாகாது என்ற விதியைக் கல்வித் திணைக்களம் கண்ணில் எண்ணெய் விட்டுக் காக்க வேண்டும்.

ஆசிரியர் விடயத்துக்கு வருவோம். தோட்டப் பாடசாலைகள் பல கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்ற பட்டியலில் உள்ளன. வெளியூரிலிருந்து வரும் விஞ்ஞானப் பட்டதாரி முதல் நாளிலிருந்தே இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்குகிறார். அவரைக் குறைகூறுவது எளிது. தங்க அறையில்லை, மழைக்காலத்தில் வழியில்லை, பிள்ளைக்குப் பாடசாலையில்லை என்று அவரும் பதில் சொல்வார். உள்ளூர்ப் பிள்ளையையே ஆசிரியராக்கினால் என்ன? 2015ஆம் ஆண்டில் அவ்வாறு மலையக இளைஞர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆசிரிய உதவியாளராக நியமனம் பெற்றனர். முதலிற் கொடுத்த கொடுப்பனவு மாதம் 6,000 ரூபாய். பின்னர் அது 10,000 ஆயிற்று. முழு நாளும் முழு ஆசிரியரின் வேலையைச் செய்தவர்களுக்குக் கிடைத்த கூலி அது. வெளிமாவட்டத்தில் நியமனம் பெற்றவர்கள் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தபின் வீட்டிலிருந்து பணம் வரவழைத்துப் படிப்பித்தார்கள். அவர்களின் பொறுமையால் ஆரம்ப வகுப்புகள் பல உயிர் பெற்றன. எனினும் உயர்தர விஞ்ஞானம் அவர்களாலும் வளரவில்லை. ஏனெனில் அவர்களில் மிகப் பெரும்பாலோர் கலைத்துறையிற் படித்தவர்கள். விஞ்ஞான வகுப்பு இல்லாத தோட்டத்திலிருந்து விஞ்ஞான ஆசிரியர் எப்படி வருவார்? விவசாயப் பெருமக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்ற போகத்தில் விதைநெல் எடுத்து வைக்காதவன் இந்தப் போகத்தில் வயலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். விதைநெல்லை வெளியிலிருந்து கொணர்ந்து ஒருமுறை விதைத்துக் கொடுத்தால், அடுத்த போகத்துக்கு அவனே பார்த்துக்கொள்வான்.

வகுப்பு தூரத்திலேனும் இருக்கிறதே, சென்று படிக்கலாமே என்பார்க்கு ஒரு சொல். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணிப்பின்படி நாடு முழுவதிலும் வறியோர் 14.3 வீதமாக இருக்கத் தோட்டத்துறையில் அது 33.8 வீதம், அதுவும் 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்கு முந்திய கணக்கு. மேற்பிரிவு லயத்திலிருந்து தெருவுக்கு இறங்கும் குறுக்குப் பாதை, பிறகு பஸ், பிறகு பட்டினம், மாலையில் தனியார் வகுப்பு, இருட்டிய பின் பஸ் இல்லை. முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் தாயின் நாட்கூலியில் ஒரு பங்கு போய்விடும். பெண்பிள்ளையாயின் வீட்டாரின் அச்சமும் சேரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டு ரயில் பாதையும் தெருக்களும் மண்சரிவால் அறுந்தன. வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே பல மைல் இருப்பதன் பொருள் என்ன என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்திபெறும் தோட்டப் பிள்ளைக்கும் இதே கதிதான். சித்தி பெற்றுவிட்டாய், பெரிய பாடசாலைக்குப் போ என்கிறார்கள். அங்கே விடுதி இல்லை. கன்னங்கரா பரீட்சையையும் விடுதியையும் சேர்த்தே வகுத்தார். பரீட்சை மாத்திரம் நம்மிடம் எஞ்சியிருக்கிறது.

இந்த நிலையில்தான் 2025ஆம் ஆண்டில் 50 மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளை மூடுவது அல்லது பக்கத்துப் பாடசாலையோடு இணைப்பது பற்றி அரசாங்கம் பேசத் தொடங்கியது. கொழும்பில் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒரு விரற்கடை தூரம்தான். மலையில் அந்த விரற்கடை ஒரு பள்ளத்தாக்காக இருக்கும். சிறு பாடசாலையை எக்காலத்தும் இணைக்கவே கூடாது என்று நாம் வாதாடவில்லை. நான்கு பிள்ளைக்கு ஓர் ஆசிரியரும், நாற்பது பிள்ளைக்கு ஆசிரியரே இல்லாமலும் இருப்பது யாருக்கும் நன்மையன்று. ஆயினும் ஆரம்ப வகுப்புப் பாடசாலையின் கதவைச் சாத்துமுன் பிள்ளையை ஏற்றிச் செல்லும் வண்டி அந்தத் தெருவில் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வகுத்த மாதிரி விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீற்றருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீற்றருக்குள்ளும் பாடசாலை இருக்க வேண்டுமெனக் கூறுகின்றன. அந்நாட்டில் எழுதியதெல்லாம் நடந்துவிட்டது என்று எவரும் சொல்லார். ஆனால் தூரத்தை அளந்து விதியாக்கலாம் என்பதாவது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதும் அவர் கண்டது இதுவே: கட்டணம் இல்லை என்பதனால் மட்டும் பிள்ளை பள்ளிக்கு வராது.

மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் என்ற கோரிக்கை பல மேடைகளில் ஒலித்திருக்கிறது; தேர்தற் காலத்தில் இன்னும் சற்று உரக்க ஒலிக்கும். நாம் அதற்கு எதிரியல்லோம். ஆனால் அடிக்கல் நாட்டும் வைபவத்துக்கு மாலையும் மேளமும் உண்டு; இரசாயன ஆசிரியர் ஒருவர் ஒரு பாடசாலையில் ஆறாண்டு தங்குவதற்கு எந்த வைபவமும் இல்லை. நமது தலைவர்களுக்கு முன்னதிலுள்ள ஆர்வம் பின்னதில் இருப்பதாகத் தெரியவில்லை. விஞ்ஞான வகுப்பின்றி எழும் மலையகப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் மலையகப் பிள்ளை அமரப்போவதில்லை. தேயிலைச் செடியின் நோயை ஆராயத் தலவாக்கலையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலையம் 1925ஆம் ஆண்டிலேயே ஸ்தாபிக்கப்பட்டது. அதன் வேலிக்கு அப்பால் கொழுந்து பறிக்கும் குடும்பத்தின் பிள்ளை அங்கே ஆராய்ச்சியாளராக நுழைவதற்கு இன்றுவரை ஒழுங்கான பாதை இல்லை.

வேண்டியது பெரிதன்று. தலவாக்கலை, வட்டகொடை, பூண்டுலோயா ஆகிய மூன்று இடத்துப் பிள்ளைகளும் வந்து சேரத்தக்க ஒரு தமிழ்ப் பாடசாலையைத் தெரிந்து, ஆய்வுகூடமும் ஆண்பெண் இருபாலார்க்கும் தனி விடுதியும் ஆசிரியர் குடியிருப்பும் அமைத்து, பெயரளவிலன்றி உண்மையாகவே 1 ஏபி பாடசாலையாக்குக. மலையகமெங்கும் இத்தகைய பாடசாலை பத்துப் பன்னிரண்டு போதும், தொடக்கத்துக்கு. நிலம் எங்கே என்பார்கள். தோட்ட நிலம் அரசாங்கத்துடையது. 1992 முதல் கம்பெனிகள் குத்தகைக்கு ஆள்கின்றன. பாடசாலைக்குக் காணி கேட்டால் தேயிலை குறையும் என்று கம்பெனி முணுமுணுப்பதும், திணைக்களம் கோப்பை மூடிவைப்பதும் இனிச் செல்லாது. குத்தகைக்கு விட்டவருக்குப் பிள்ளைகளின் பொருட்டுச் சில ஏக்கரை மீட்கும் அதிகாரம் இல்லையெனில் அது என்ன குத்தகை?

அவ்விடத்துக்கு நியமனம் பெறும் விஞ்ஞான, கணித ஆசிரியருக்குக் கஷ்டப் பிரதேசப் படியைப் பன்மடங்காக்கி, குடியிருப்பும் கொடுத்து, ஐந்தாறு ஆண்டு நிற்கும் உடன்படிக்கையும் பெறவேண்டும். ஸ்ரீபாத கல்லூரியில் தமிழ்மொழி விஞ்ஞான, கணிதப் பயிற்சிக்குரிய இடங்களைத் தோட்டப் பிள்ளைகளைக் கொண்டு நிரப்புவதை முதற்கடமையாகக் கொள்ளவேண்டும். இந்திய அரசின் உதவியோடு ஒன்பது தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்தும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதில் வரும் பணம் வாயில் வளைவுக்கும் வர்ணத்துக்கும் போகாமல் ஆய்வுகூடத்துக்குப் போகிறதா என்று பெற்றோர் சங்கம் கேட்கட்டும். கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 வீதம் என்ற இலக்கை 2024இல் மக்கள் முன் வைத்தவர்களே இன்று ஆட்சியில் உளர். அந்த ஆறில் தோட்டத்தின் பங்கு என்ன என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் கூலியிற் சந்தா பிடிக்கிறீர்கள். கூலிக்காகப் போராடும் அதே உறுதியோடு இந்த ஒரு வகுப்புக்காக ஒரு நாள் போராடியதுண்டா? மந்திரிப் பதவிக்காகக் கட்சி மாறியவர்கள் பலரை மலையகம் கண்டிருக்கிறது. பௌதிக ஆசிரியர் ஒருவருக்காகப் பதவி துறந்தவரை நாம் இன்னும் காணவில்லை.

வடக்கு கிழக்கிலுள்ள தமிழ்க் கல்விமான்களே, ஓய்வுபெற்ற கணித, விஞ்ஞான ஆசிரியர்களே! உங்களிற் பலர் உங்கள் இளமையில் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் படிப்பித்தவர்கள். பாடசாலை விடுமுறையில் மூன்று வாரம் வந்து தலவாக்கலையில் உயர்தர மாணவருக்கு வகுப்பெடுக்க நூறு பேர் முன்வந்தால், திணைக்களம் செய்யும் வரை காத்திராமல் இவ்வாண்டே தொடங்கலாம். தங்க இடமும் உணவும் கொடுக்க அங்குள்ள வர்த்தகப் பெருமக்களும் மரக்கறித் தோட்டக்காரரும் பின்வாங்கமாட்டார்கள்.

மத்திய மாகாணக் கல்வித் திணைக்களம் அடுத்த பரீட்சை முடிவு வெளிவந்ததும் ஒரு கணக்கை வெளியிட வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் தமிழ்மொழி மூலம் உயர்தர உயிரியல், கணிதத் துறைகளுக்குத் தோற்றியவர் எத்தனை பேர். அவர்களில் ஐந்தாந்தரத்தையும் இதே மாவட்டத்திற் படித்தவர் எத்தனை பேர். அவர்களிலும் தோட்ட லயத்தை வீட்டு முகவரியாகக் கொண்டவர் எத்தனை பேர்? பாடசாலை வாரியாக, பெயரின்றித் தொகையாகத் தந்தாற் போதும். அத்தொகை வெளிவரும் வாரத்தில் அதை முதற்பக்கத்தில் அச்சிட இப்பத்திரிகை இடம் ஒதுக்கும்.